சாயம் போடாத தொப்பி

நியூஜெர்சியில் கடைக் கணக்கு எழுதிக்கொண்டிருந்த இளைஞர் ஜான் உல்மனிடம், அடிமைப் பெண் ஒருத்தியை விற்பதற்கான பத்திரத்தை எழுதச் சொன்னார் முதலாளி. உல்மன் எழுதிக் கொடுத்தார். ஆனால், அடிமை வைத்திருப்பது கிறிஸ்தவத்துக்கு ஒவ்வாது என்பதையும் அங்கேயே சொல்லிவிட்டார். பிற்பாடு, அடிமைகளை வாரிசுக்கு எழுதிவைக்கும் உயில்களைத் தொடவே மறுத்தார்.

ஒவ்வொரு மனிதருக்குள்ளும் கடவுளின் ஒளி உண்டு என்பது அவர் சார்ந்த குவேக்கர் சபையின் கோட்பாடு. அதை ஒப்புக்கொண்ட பல குவேக்கர்கள் வீட்டில் அடிமைகளை வைத்திருந்தார்கள்! ஞாயிற்றுக்கிழமை மௌனமாக உட்கார்ந்து தியானிப்பதில் அவர்களுக்குச் சிரமம் இருக்கவில்லை.

உல்மன் மேடையேறி யாரையும் சாடவில்லை. அடிமை வைத்திருந்தவர்களின் வீடுகளுக்கே போய்த் தங்கினார். கிளம்பும்போது, தனக்குச் சேவை செய்த அடிமைகளுக்கென்று வெள்ளிக் காசுகளைக் கொடுத்தார். விருந்துக்கு வந்தவர் கூலி கொடுத்தால் வீட்டுக்காரர் முகம் என்னவாகும்? அடிமை உழைப்பில் விளைந்த சர்க்கரையை விட்டார். சாயமேற்றாத துணியும் தொப்பியும் அணிந்தார். கொஞ்சம் கிறுக்கு என்றுதான் பலருக்கும் தோன்றியிருக்கும்.

1758இல் குவேக்கர்களின் பிலடெல்பியா ஆண்டுக் கூட்டம், அடிமைகளை வாங்கி விற்போரைச் சபை நிர்வாகத்திலிருந்து விலக்கியது. அடிமை வைத்திருப்பவர்களுக்குச் சபையில் இடமில்லை என்று அது முடிவெடுத்தது 1776இல். உல்மன் அதைப் பார்க்கவில்லை. 1772இல் இங்கிலாந்தின் யார்க் நகரில் பெரியம்மையால் இறந்துபோயிருந்தார். குதிரைகளும் வண்டியோட்டும் சிறுவர்களும் வதைபடுகிறார்கள் என்று கோச்சு வண்டி ஏறாமல், அந்நாட்டில் நடந்தே ஊர் ஊராகப் போனவர் அவர்.