கட்டணமும் சுதந்திரமும்

சென்னையிலிருந்து கொல்கத்தா செல்லும் நெடுஞ்சாலையில் தமிழக எல்லையைக் கடந்ததும் வரும் ஊர் தடா. அதன் அருகிலுள்ள ஸ்ரீசிட்டி தொழில் நகரில், 2018-இல் தோன்றிய கிரியா பல்கலைக்கழகம் இயங்குகிறது. தனியாருடையது; ஆண்டுக்குப் பல லட்சம் ரூபாய் கட்டணம். திருப்பதியிலோ, 1954-இல் நிறுவப்பட்ட ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் இருக்கிறது. அரசுடையது, எளிய குடும்பத்துக்கும் எட்டக்கூடியது.

இன்டர்மீடியட் முடித்த மகனை எங்கே சேர்ப்பது என்று தயங்கும் தந்தை, 'இவனுக்கு எது நல்லது?' என்றே கேட்டுக்கொள்கிறார். அன்பில் பிறந்த கேள்விதான். ஆயினும் பாதிக் கேள்வி. அந்த நன்மைக்கு விலை கொடுக்கப்போவது யார் என்பது மறுபாதி.

புதிய தனியார் பல்கலைக்கழகங்கள் தர முன்வருவது உயர்ந்த ஒன்றே. இலக்கியம், கணிதம், வரலாறு எனப் பல துறைகளிலும் பழகிய பின்னர், மாணவன் தன் துறையைத் தானே தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் அது. அதனை ஆடம்பரம் என்று தள்ளுவது நேர்மையாகாது. மாநிலப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் ஆசிரியர் பணியிடங்கள் நெடுங்காலம் நிரப்பப்படாமல் கிடப்பதையும் மறைப்பதற்கில்லை.

ஆனால் அச்சுதந்திரத்தைக் கடன்பட்டு வாங்கினால்? ஏழரை லட்சத்துக்கு மேற்பட்ட கல்விக் கடனுக்கு வங்கிகள் பெரும்பாலும் சொத்தை ஈடாகக் கேட்கின்றன. படிக்கும் காலத்திலேயே வட்டி சேர்கிறது. நிலப் பத்திரத்தை அடகு வைத்துத் தத்துவம் பயின்றவன், பட்டம் பெற்ற சில மாதங்களிலேயே தவணைக்கு ஈடுகொடுக்கும் சம்பளத்தைத் தேடியாக வேண்டும். விரும்பியதைப் படித்தான், விரும்பியபடி வாழ இயலவில்லை. அந்நிலத்தில் தங்கைக்கும் உரிமை உண்டு. அவளுடைய சம்மதத்தை எத்தனை வீடுகளில் கேட்கிறார்கள்?

திருத்தணியில் பிறந்து திருப்பதியிலும் வேலூரிலும் பயின்ற ராதாகிருஷ்ணன், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் தத்துவத்தை எடுத்துக்கொண்டது விருப்பத்தால் மட்டுமன்று. அதே பாடத்தில் தேறிய உறவினர் ஒருவர் தம் நூல்களை அவருக்குக் கொடுத்தார். புத்தகச் செலவு மிச்சமாயிற்று. இதைக் காட்டி, ஏழைக்குக் கிடைத்ததே போதும் என்று பேசுவோர் உண்டு. அது கொடுமையான வாதம்; அப்படிப் படித்த எல்லோரும் ராதாகிருஷ்ணன் ஆகிவிடவில்லை. அவர் படித்ததும் அரசுக் கல்லூரியில் அன்று. உதவித்தொகைகள் அவரைத் தாங்கின.

அதுபோல் உதவித்தொகை கிடைக்குமானால் கணக்கே வேறு. கட்டணத்தில் எவ்வளவு குறையும், எல்லா ஆண்டுகளுக்கும் உண்டா, மதிப்பெண் குறைந்தால் நின்றுவிடுமா, விடுதிச் செலவும் அதில் அடங்குமா என்பவற்றை எழுத்து வடிவில் கேட்டுப் பெற்ற பின்னரே, பத்திரம் இருக்கும் பெட்டியை அந்தத் தந்தை திறக்கலாம்.