முயற்சியும் வேட்கையோ?

வேட்கையே துக்கத்தின் வேர் என்பது பகவன் புத்தர் உரைத்த அறம். அவ்வாறாயின், ஒரு கலையில் மேன்மேலும் உயர வேண்டும் என்று ஒருவர் பாடுபடுவதும் வேட்கைதானோ? தாராவியிலும் செம்பூரிலும் அன்பர் பலர் எழுப்பும் இவ்வினாவை ஆராய்வோம்.

நமது மும்பையில் வாடகை மோட்டார் ஓட்டுநர் ஒருவரின் மகனான மனீஷ் சௌஹான், வாலிபம் எய்திய பின்னரே யெஹூதா மாவோர் என்னும் ஆசிரியரிடம் பாலே நடனம் பயின்றார். மேனாட்டார் அதனைச் சிறு பருவத்திலேயே தொடங்குவது வழக்கம். 2020ஆம் ஆண்டில் வெளிவந்த 'யே பாலே' என்னும் திரைப்படத்தில் சௌஹானே நடித்தார்.

பாலேயில் அரியது சுழற்சி. ஒற்றைக் காலின் முன்பாதத்தில் உடல் சுழலும். கண்களோ எதிரே ஒரு புள்ளியைப் பற்றி நிற்கும். உடல் திரும்பிய பின்னரே தலை விரைந்து திரும்பி, அப்புள்ளியை மீண்டும் காணும். வளர்ந்த பின் கற்போர் இதில் பன்முறை தடுமாறுவர்.

தடுமாறும் அக்கணத்தில்தான் வேட்கையும் முயற்சியும் வேறுபடுகின்றன. வேட்கை கைதட்டலுக்கு ஏங்கும். அது கிட்டாவிடில், "இது நம் பிறப்பில் இல்லை" என்று புலம்பும். நன்முயற்சியோ காரணத்தைத் தேடும். தோள் சாய்ந்ததோ? பார்வை விலகியதோ? காரணம் நீங்கின் காரியமும் நீங்கும் என்பதன்றோ நம் அறநெறி? ஆலையில் இழை அறுந்தால் தொழிலாளி அழுதுகொண்டு நிற்பதில்லை. அறுந்த இடத்தைக் கண்டு இணைக்கிறான்.

முயற்சிக்கு அளவும் வேண்டும். சோணர் என்னும் பிக்கு பாதத்தில் குருதி கசியுமளவு நடந்து தவம் முயன்று, பயன் காணாது சோர்ந்து, இல்லறம் திரும்ப எண்ணினார். முன்னாளில் வீணை பயின்ற அவருக்கு, நரம்பை மிக முறுக்கினும் மிகத் தளர்த்தினும் இசை பிறவாது என்பதைப் பகவன் நினைவூட்டினார். முயற்சியைக் கைவிடச் சொல்லவில்லை. அளவறிந்து முயலச் சொன்னார்.

பிறப்பே தகுதியை அளக்கும் என்னும் பொய்யை மறுத்தே அண்ணல் அம்பேத்கர் 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் தம்மம் தழுவினார். அவ்வழி வந்த நாம், ஐம்பது வயதில் எழுத்துக் கற்பவரையும், தியானத்தில் மனம் சிதறுபவரையும், "காலம் கடந்துவிட்டது" என்று நகைக்கலாமா? அவர் தம்மைத் தாமே இகழ்ந்துகொள்ள விடலாமா? அதுவும் பழைய சாதி நஞ்சே. கலயம் மட்டுமே புதிது.

தடுமாறியவருக்குக் காரணத்தைக் காட்டுவோம். மீண்டும் எழக் கரமும் கொடுப்போம். அதுவே நன்முயற்சி.

நமோ புத்தாய!