யாருடைய கண்ணால்?

நிலாவெளிக் கடற்கரையில் ஒரு காலை. கச்சான் காற்று வீசும் காலம்; கிழக்குக் கடல் குளம்போல் அடங்கிக் கிடக்கும் மாதங்கள் அவை. கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். இரு வரிசையாக நின்ற மனிதர்கள் உடலைப் பின்னுக்குச் சாய்த்து, ஒரே தாளத்தில் அடிபெயர்த்து, கயிற்றைக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். மாணவர் சிலரோடு நான் அங்குச் சுற்றுலா சென்றிருந்தேன். அக்காட்சியில் மனம் பறிகொடுத்த ஒரு மாணவன் கைத்தொலைபேசியை உயர்த்திக்கொண்டு முன்னே ஓடி, "ஐயா, ஒரு நிமிஷம் அப்படியே நில்லுங்கோ" என்று வேண்டினான். முன்வரிசையில் நின்ற முதியவர் திரும்பிப் பார்க்கவுமில்லை. "கயிறு நிக்காது தம்பி. படம் பிறகு எடுக்கலாம், இப்ப வந்து ஒரு கை பிடிங்க" என்றார்.

அவர் சினந்து பேசவில்லை. மாணவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆயினும் ஊர் திரும்பிய பின்பும் அச்சொற்கள் என்னை விடவில்லை. எங்கள் கண்ணின் இன்பத்துக்காக ஒரு மனிதனின் பிழைப்பை ஒரு நிமிடம் நிறுத்திவைக்கும்படி நாங்கள் கேட்டிருந்தோம். கேட்டது தவறு என்று எங்களில் எவருக்கும் அப்போது தோன்றவில்லை. ஆசிரியனாகிய எனக்கும் தோன்றவில்லை.

இங்கு ஒரு வினா எழுகின்றது. பார்ப்பது குற்றமற்ற செயல்தானா? கை பறிக்கும், கால் மிதிக்கும். கண் எதையும் தொடுவதில்லை, ஆகவே அது எவருக்கும் தீங்கு செய்வதில்லை என்பது நம்மிற் பெரும்பாலோரின் நம்பிக்கை. திருகோணமலையின் வரலாறு அந்நம்பிக்கைக்கு எதிராகச் சாட்சி சொல்லுகின்றது. நானூறு ஆண்டுகளாகப் பிறரால் பார்க்கப்பட்டு, பார்க்கப்பட்டதாலேயே பறிக்கப்பட்டும் வந்த ஊர் அது.

முதலில் வந்தது தளபதியின் கண். அது ஆழத்தை அளந்தது. கடலடியில் ஒரு பெரும் பள்ளத்தாக்கு கொட்டியாரக்குடா வரை நீண்டு வருவதால், மிகப் பெரிய கப்பல்களும் இங்குக் கரையை நெருங்கி வரலாம். சூழ்ந்துள்ள மேட்டுநிலங்கள் உள்துறைமுகத்தைக் காற்றினின்றும் காக்கின்றன. இயற்கையின் இக்கொடைக்கு ஊர் மக்கள் விலை கொடுத்தனர். 1620களில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக்கொண்டு கோட்டை எழுப்பினர். 1639இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். 1782ஆம் ஆண்டு ஜனவரியில் ஆங்கிலேயர் பிடித்த துறைமுகத்தை அதே ஆண்டு ஓகஸ்டில் பிரெஞ்சுக்காரர் பிடித்தனர். 1795இல் மீண்டும் ஆங்கிலேயர் வந்தனர். 1942 ஏப்ரல் 9ஆந் தேதி ஜப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்தன. லண்டனுக்கும் டோக்கியோவுக்கும் இடையே நிகழ்ந்த வழக்கிலே தண்டனை கொட்டியாரக்குடாவின் கரைக்கு வந்து சேர்ந்தது.

அக்காலத்துச் சின்னமாக எண்ணெய்த் தாங்கிகள் காட்டினிடையே இன்றும் நிற்கின்றன. தொண்ணூற்றொன்பது தாங்கிகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 12,000 தொன் கொள்ளக்கூடியவை. 1957 ஒக்டோபரில் பிரித்தானியக் கடற்படைத் தளம் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆனால் தளபதியின் கண் கப்பலேறிப் போய்விடவில்லை. 1987 இந்திய-இலங்கை உடன்பாட்டோடு பரிமாறப்பட்ட கடிதங்களில் இத்துறைமுகமும் இத்தாங்கிகளும் பேசப்பட்டன. 2003இலும் 2022இலும் தாங்கிகள் குறித்து மேலும் ஒப்பந்தங்கள் உருவாயின. இவற்றின் நன்மை தீமைகளை இங்கு ஆராயப் போவதில்லை. ஒன்றை மட்டும் குறிப்பிடலாம்: இந்த உடன்படிக்கை எதிலும் மூதூரிலும் கிண்ணியாவிலும் குச்சவெளியிலும் வாழ்கின்ற மக்கள் ஒரு தரப்பாக அமர்ந்ததில்லை.

அடுத்து வந்தது பயணியின் கண். இது மென்மையானது, துப்பாக்கி ஏந்தாதது. அது ஆழத்தை விட்டு நிறத்தைப் பார்க்கின்றது. உப்புவெளியின் மணலையும், புறாத்தீவின் பவளப் பாறைகளையும், ஆழ்கடலில் மூச்சுவிட எழும் திமிங்கிலங்களையும் தேடி அது வருகின்றது. இரு கண்களுக்கும் இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு இருப்பதாகத் தோன்றும். ஆனால் ஒரு வகையில் அவை உடன்பிறந்தவை. தளபதியின் வரைபடத்தில் மனிதர்கள் இல்லை. பயணியின் படத்திலோ, மனிதர் இருந்தால் அசையாமல் நிற்கவேண்டும்.

மென்மையான கண்ணுக்கும் சட்டத்தின் வலிமை கிடைத்துவிடுவதுண்டு. 2004 டிசம்பர் 26ஆந் தேதிய ஆழிப்பேரலைக்குப் பின், வடக்கிலும் கிழக்கிலும் கடலிலிருந்து 200 மீற்றர் தூரத்துக்குள் வீடு கட்டலாகாது என்று அரசு விதித்தது. உயிரைக் காக்கும் விதி என்றார்கள். ஆனால் சுற்றுலா விடுதிகளுக்கு விலக்கு இருந்தது. அலை விடுதியை விட்டு வீட்டை மட்டும் அடிக்கும் என்று எந்த அறிவியலும் சொல்லவில்லை. பின்னர் அவ்விதி தளர்த்தப்பட்டது உண்மையே. எனினும், கடற்கரை முதலில் எவருடையதென்று எண்ணப்பட்டது என்பதை அது காட்டிக் கொடுத்துவிட்டது.

இது நமக்கு மட்டும் நேர்ந்த விதியன்று. உலகின் வடகோடியில், பனியும் எரிமலையும் சூழ்ந்த ஐஸ்லாந்து என்னும் சிறு தீவு நாட்டுக்கும் இவ்விரு கண்களும் வந்தன. எவர் பக்கமும் சேராமலிருந்த அந்நாட்டில் 1940 மே 10ஆந் தேதி பிரித்தானியப் படைகள் இறங்கின; அடுத்த ஆண்டு அமெரிக்கப் படைகள் வந்தன. 1949 மார்ச்சில் நேட்டோ அணியிற் சேரும் முடிவை எதிர்த்துத் தலைநகர் ரெய்க்யாவிக்கில் மக்கள் பாராளுமன்றத்தின் முன்னே திரண்டனர். ஆயினும் 1951 முதல் 2006 வரை அங்கு அமெரிக்கத் தளம் இருந்தது. அந்நாட்டு எழுத்தாளர் ஹால்டோர் லாக்ஸ்னஸ், தாயகத்தையே தளத்துக்காக விற்கும் அரசியலை 1948இல் "அணு நிலையம்" என்னும் நாவலிலே எள்ளி நகையாடினார். 1955இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அம்மக்கள் எழுத்தோடு நின்றுவிடவில்லை. தங்கள் கடலில் அந்நியரின் இழுவைப் படகுகள் மீனை அள்ளிச் செல்வதைக் கண்டு, மீன்பிடி எல்லையை 1958இல் 12 கடல் மைலாகவும், 1972இல் 50ஆகவும், 1975இல் 200ஆகவும் விரித்தனர். பிரித்தானியப் போர்க்கப்பல்கள் எதிரே வந்து நின்றன. அன்று இரண்டு லட்சத்தைச் சற்றே கடந்த மக்கள்தொகை கொண்ட நாடு பின்வாங்கவில்லை. 1976இல் பிரித்தானியாவே இணங்கியது. கடலை எவன் கண்ணால் பார்ப்பது என்ற வழக்கில் மீனவனின் கண் வென்ற அரிய நிகழ்ச்சி அது.

அதன் மறுபக்கத்தையும் நாம் மறைத்தல் ஆகாது. அந்நியனிடமிருந்து மீட்ட அக்கடலின் மீன்பிடி உரிமைகள், 1980களில் தொடங்கிய பங்கீட்டு முறையால் நாளடைவில் விற்பனைப் பொருளாகிப் பெருநிறுவனங்கள் சிலவற்றின் கையிற் குவிந்தன. இன்றோ, நான்கு லட்சத்துக்கும் குறைவான மக்கள் வாழும் அந்நாட்டுக்கு ஆண்டுதோறும் இருபது லட்சத்துக்கு மேற்பட்ட பயணிகள் செல்கின்றனர். கொடியை மாற்றியதும் கண் மாறிவிடுவதில்லை என்பதே இதிலிருந்து நாம் பெறும் பாடம்.

இப்பாடம் நமக்கு மிகவும் நெருங்கியது. சம்பூர் மக்கள் 2006இல் போரினால் இடம்பெயர்ந்தனர். அவர்கள் நிலம் முதலில் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. பிறகு நிலக்கரி மின்னிலையத்துக்கென ஒதுக்கப்பட்டது. ஏறக்குறைய பத்தாண்டுகள் கழித்து, 2015இலும் 2016இலும் அவர்கள் திரும்பலாயினர்; நிலக்கரித் திட்டமும் 2016இல் கைவிடப்பட்டது. 2025இல் அங்கே 120 மெகாவாட் சூரிய மின்திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. அதே ஆண்டில் முத்துநகர் விவசாயிகள், தாம் பயிரிட்டுவந்த நிலம் சூரிய மின்திட்டங்களுக்காக எடுக்கப்படுவதை எதிர்த்துப் போராடினர். சூரிய ஒளியிலிருந்து மின்சாரம் பெறுவது நன்மை என்பதை நாம் மறுக்கவில்லை. நிலக்கரிப் புகையைவிட அது மேலானது. ஆனால் நல்ல நோக்கம் ஒன்று இருப்பதனாலேயே நிலத்தை வெற்றிடமாகப் பார்க்கும் உரிமை வந்துவிடுமா? நிலக்கரிக்காகப் பார்த்தவனும் சூரியனுக்காகப் பார்த்தவனும் தளபதி நின்ற அதே மேட்டில் நின்றே பார்த்தார்கள். நம்மவன் நிற்பதால் அந்த மேடு தாழ்ந்துவிடாது.

அப்படியானால் அழகை இரசிப்பது வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு, உழைப்பாளிக்கு அதனால் ஆவதொன்றுமில்லை என்று முடிவு கட்டலாமா? நம் அணியைச் சார்ந்த சிலர் அவ்வாறு சொல்லக் கேட்டதுண்டு. அது பெரும் பிழை. வாடைக் காற்று எழுமுன் வானத்தின் நிறம் மாறுவதை முதலில் காண்பவன் கடற்றொழிலாளி. நீரின் நிறத்தைக்கொண்டு மீன்கூட்டத்தை அறிகின்றவனுக்குக் கடல் அழகாய்த் தோன்றாது என்று சொல்ல நாம் யார்? ஐஸ்லாந்தில் குல்ஃபோஸ் என்னும் அருவியை அந்நிய முதலீட்டாளர் மின்னுற்பத்திக்காகக் கொள்ள முயன்றபோது, அதைத் தடுக்க நெடிது போராடியவள் அவ்வருவியின் அருகே வாழ்ந்த ஒரு விவசாயியின் மகள், சிக்ரிதுர் தோமஸ்தோத்திர். அழகை அவள் பொழுதுபோக்காகக் கருதவில்லை. தன் வாழ்வின் ஒரு பகுதி விலைபோவதாகவே கருதினாள்.

வேறொரு விடையும் சொல்லப்படலாம். மக்களோடு தங்கி, அவர்கள் வாழ்வை நெருங்கிப் பார்த்தால் போதாதா? இதற்கும் கொட்டியாரக்குடாவே ஒரு சான்று தருகின்றது. 1660இல் பழுதுற்ற கப்பலோடு இங்கு ஒதுங்கிய ராபர்ட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேய இளைஞர் கண்டி மன்னனின் ஆட்களாற் சிறைபிடிக்கப்பட்டார். பத்தொன்பது ஆண்டுகள் கண்டி நாட்டின் சிற்றூர்களில் வாழ்ந்தார்; தொப்பி பின்னி விற்றும் நெல்லைக் கடன்கொடுத்தும் பிழைத்தார். உழவும் அறுவடையும் உணவும் வழக்கங்களும் அவர் 1681இல் வெளியிட்ட நூலில் அவ்வளவு நுணுக்கமாக இடம்பெற்றதற்குக் காரணம், அவர் அவற்றின் நடுவே பிழைக்க வேண்டியிருந்ததே. எனினும், சிறைவாழ்வின் துயரை அறிந்த அதே மனிதர் பிற்காலத்தில் மடகாஸ்கரிலிருந்து அடிமைகளை ஏற்றிச்செல்லும் வணிகத்தில் ஈடுபட்டார். கூர்மையாகப் பார்ப்பது வேறு, நீதியாகப் பார்ப்பது வேறு என்பதற்கு இதனினும் கசப்பான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

ஆகவே வினா இவ்வாறு திருத்தம் பெறுகின்றது. எவ்வளவு அழகாகப் பார்க்கின்றோம், எவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கின்றோம் என்பன இரண்டாம்பட்சம். நாம் பார்க்கும் இடத்தைப் பற்றி முடிவு செய்யும் உரிமை அங்கு வாழ்வோருக்கு உண்டென்று நாம் ஏற்கின்றோமா? ஏற்றால், அவ்வுரிமை மறுக்கப்படும்போது அவர்கள் பக்கம் நிற்க நாம் ஆயத்தமா? இதற்கு விடையளிக்காத பார்வை, எத்துணை மென்மையாயினும், கடைசியில் தளபதியின் பார்வைக்குத் துணைபோகின்றது.

அங்கு வாழ்வோர் ஒரே குரலில் பேசுவார்கள் என்று நாம் கனவு காணவேண்டியதில்லை. 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி இம்மாவட்டத்தில் முஸ்லிம்கள் ஏறக்குறைய 40 வீதத்தினர். தமிழர் 30 வீதத்துக்கு மேல், சிங்களவர் கால்பங்குக்கு மேல். பருவத்துக்குப் பருவம் மேற்குக் கரையிலிருந்து வந்து வாடி அமைத்துத் தங்கும் மீனவரும் உண்டு. வலையைப் பற்றியும் எல்லையைப் பற்றியும் அவர்களிடையே பூசல் எழுகின்றது. அப்பூசலை இனப்பகையாக்கி ஆதாயம் தேடுவோரும் இருக்கின்றனர். ஆனால் குடாவின் மீன் வற்றினால் மூன்று மொழியில் அல்ல, ஒரே வயிற்றில்தான் பசிக்கும். கரைவலையின் கயிறு அதைப் பிடிப்பவனின் மதத்தைக் கேட்பதில்லை; அவன் எடையைத்தான் கேட்கின்றது. இவர்கள் ஒன்றுகூடித் தம் கடலைப் பற்றித் தாமே பேசி முடிவுசெய்யும் நாள் எளிதில் வராது. அந்நாளுக்காக உழைப்பது, நம்மைப்போல எழுத்தறிந்து ஊர் சுற்றும் வாய்ப்புப் பெற்றோரின் கடன்.

ஆசிரிய நண்பர்களே, மாணவர்களை நாம் சுற்றுலா அழைத்துச் செல்லத்தான் வேண்டும். கோணேசர் மலையையும் கன்னியா வெந்நீரூற்றையும் அவர்கள் காணட்டும். ஆனால் புறப்படுமுன் அவர்களிடம் சில வினாக்களையும் கொடுத்தனுப்புவோம். இந்த நிலத்தில் முன்பு இருந்தவர் எவர்? இப்போது அவர் எங்கே? இங்கு நாம் செலுத்தும் பணம் எவர் கையிற் சேர்கின்றது? விடை தெரியாமல் திரும்பினாலும் கேடில்லை. கேட்டுவிட்டுத் திரும்புவது முக்கியம்.

அன்று அந்த மாணவன் என்ன செய்தான் என்பதைச் சொல்லி முடிக்கின்றேன். சற்றுத் தயங்கி நின்றவன், கைத்தொலைபேசியை என்னிடம் தந்துவிட்டுப் போய்க் கயிற்றைப் பிடித்தான். மற்றவர்களும் ஒவ்வொருவராகச் சென்றார்கள். வலை கரையேற ஒரு மணி நேரம் ஆயிற்று. மீன் அதிகம் இல்லை. உள்ளங்கை சிவந்து திரும்பிய அவன் கேட்ட முதற் கேள்வி, "சேர், இவ்வளவு பேருக்கும் இது எப்படிக் காணும்?" என்பது. என்னிடம் விடை இல்லை. அந்தக் காலையில் ஒரு படமும் எடுக்கப்படவில்லை.