மண்ணுல கிடைச்ச மூணு காசு: முருகனுக்கு இதில் பங்கு உண்டா?

 

படைவீடுன்னு சொன்னதும் நமக்கு முருகனோட ஆறு வீடும் வரிசையா ஞாபகம் வந்துடும். ஆனா ஜவ்வாது மலை அடிவாரத்துல, சந்தவாசல் பக்கத்துல, இன்னொரு படைவீடு இருக்கு. பேச்சு வழக்குல படவேடு. ரேணுகாம்பாள் அம்மன் இருக்கிற ஊர். ஒரு காலத்துல சம்புவராயர்களோட தலைநகரம். 14-ம் நூற்றாண்டுல விஜயநகரத்து இளவரசர் குமார கம்பணர் படையெடுத்து வந்து அவங்களை வென்றார். 1008 சிவன் கோயிலும் 108 பெருமாள் கோயிலும் இங்கே மண்ணுக்குள்ள போயிடுச்சுன்னு ஊர்ல இன்னைக்கும் சொல்வாங்க. கணக்கு எப்படியோ, மண்ணுக்குள்ள ஒரு பழைய ஊர் தூங்குதுங்கிறது மட்டும் நிஜம்.

போன தை மாசம் அங்கே போயிருந்தேன். கூட வேலை பார்க்கிற நண்பனோட தாய்மாமாவுக்கு அங்கே வாழைத்தோப்பு இருக்கு. நண்பன் ஆன்லைன்ல வாங்கின மெட்டல் டிடெக்டரையும் எடுத்துட்டு வந்திருந்தான். அம்மனைத் தரிசனம் பண்ணிட்டு, சாயங்காலம் தோப்புல சும்மா ஓட்டிப் பார்த்தோம். ஆணி, பாட்டில் மூடி, உடைஞ்ச கொழு. அப்புறம் வரப்பு ஓரத்துல கொஞ்சம் வேற மாதிரி, உரக்க ஒரு சத்தம். ஒரு ஜாண் ஆழம்தான். கருத்துப்போய் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு மூணு காசு.

அடுத்து நடந்ததுதான் என் தப்பு. அவசரத்துல போன்ல ஒரு போட்டோ எடுத்தேன். உடனே சட்டைப் பையில இருந்த விபூதியை எடுத்து, வீட்டுல அம்மா வெள்ளிக் குத்துவிளக்கைத் தேய்க்கிற மாதிரி தேய்ச்சேன். பளிச்சுன்னு ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தலை தெரிஞ்சது. ஒரு ரூபாய், வெள்ளி. 1912, 1914, 1918.

நண்பன் சிரிச்சுக்கிட்டே சொன்னான்: "மச்சி, ஆளுக்கு ஒண்ணு. மிச்சம் ஒண்ணை முருகன் உண்டியல்ல போட்டுடலாம். கணக்கு நேராயிடும்."

எனக்கும் அது நியாயமாத்தான் பட்டுச்சு. சாமிக்கே பங்கு கொடுத்தாச்சு, அப்புறம் என்ன?

ராத்திரி தூக்கம் வராம அந்த போட்டோவைப் பெரிசு பண்ணிப் பார்த்தேன். காசு மேல படிஞ்சிருந்த கறுப்புல, குறுக்கும் நெடுக்குமா மெல்லிய கோடுகள். துணியோட இழை. யாரோ துணியில முடிஞ்சு வெச்ச காசு அது. அந்த இழைத் தடத்தைத்தான் நான் விபூதி போட்டுத் தேய்ச்சு அழிச்சிருக்கேன்.

நம்ம வீடுகள்ல உடம்புக்கு முடியலைன்னா மஞ்சள் துணியில காசு முடிஞ்சு வைப்பாங்க இல்லையா? இதுவும் அப்படி இருக்கலாம். 1918-ம் வருஷக் காசு இருக்கிறதால, முடிச்சு போட்டது அந்த வருஷமோ அதுக்கப்புறமோதான். 1918-ல வந்த விஷக்காய்ச்சல்ல இந்தியாவுல மட்டும் ஒரு கோடிப் பேருக்கு மேல இறந்தாங்க. ஒரு தாய் பிள்ளைக்காக வேண்டிக்கிட்டு முடிஞ்சதா, ஆடி வெள்ளிக்கு அம்மனைப் பார்க்க வந்தவங்க தவறவிட்டதா, இல்ல வெறும் வாரச்சந்தைக் காசா? தெரியாது. அந்தத் துணித் தடம் ஏதாவது சொல்லியிருக்கும். சொல்ல விடாம பண்ணினது நான்.

டிடெக்டர் வேலை செய்யிற விதம் ரொம்ப எளிமை. சுருள்ல இருந்து மாறிக்கிட்டே இருக்கிற காந்தப்புலம் மண்ணுக்குள்ள போகும், உலோகத்துல ஒரு சின்ன மின்னோட்டத்தைக் கிளப்பும், அதைத் திரும்பக் கேட்டுச் சத்தம் போடும். "இங்கே உலோகம் இருக்கு"ன்னு அது சொல்லும். "இது யாருடையது"ன்னு சொல்லாது. அந்தக் கேள்வி நம்மகிட்டதான் வரும்.

சட்டம் இதுக்கு எப்பவோ பதில் எழுதி வெச்சிருக்கு. 1878-ம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைச்சா கலெக்டருக்கு எழுத்துல தெரிவிக்கணும். மறைச்சா ஓராண்டு வரை சிறை. ஆனா அந்தச் சட்டம் கண்டெடுத்தவனைத் திருடனா பார்க்கலை. உரிமையாளர் யாரும் இல்லைன்னு முடிவாகி, தனி ஒப்பந்தமும் இல்லைன்னா, முக்கால் பங்கு கண்டெடுத்தவருக்கு, கால் பங்கு நிலத்துக்காரருக்கு. அரசே எடுத்துக்கிட்டா உலோக மதிப்போட ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாத் தரணும். சட்டம் முதல்ல கேட்கிறது ஒண்ணுதான்: சொல்லு.

2025 நவம்பர்ல இதே ஜவ்வாது மலையில, கோவிலூர் சிவன் கோயில் திருப்பணிக்குத் தோண்டினப்போ மண்பானையில 103 பொற்காசுகள் கிடைச்சதை நியூஸ்ல பார்த்திருப்பீங்க. தோண்டினவங்க கூலிக்கு வந்த தொழிலாளிகள். அந்தக் காசு அதிகாரிகள் கைக்குப் போச்சு. நாங்களோ மாசச் சம்பளக்காரங்க, மூணு காசுக்குப் பங்கு பேசிட்டு இருந்தோம்.

இங்கிலாந்துல 1992-ல எரிக் லாஸ்ங்கிறவர், நண்பர் தொலைச்ச சுத்தியலைத் தேடி ஹாக்ஸ்ன் கிராமத்து வயல்ல டிடெக்டர் ஓட்டினார். ரோமானியர் காலத்துத் தங்கமும் வெள்ளியும் வந்தது. கொஞ்சம் எடுத்ததும் நிறுத்திட்டுத் தகவல் சொன்னார். மிச்சத்தைத் தொல்லியல் அறிஞர்கள் முறையாத் தோண்டினாங்க. மொத்தம் 14,000-க்கு மேல வெள்ளிக்காசு. அவர் கையை நிறுத்தினதாலதான், அது ஒரு மரப்பெட்டியில எப்படி அடுக்கப்பட்டிருந்துச்சுன்னு கூட இன்னைக்குத் தெரியுது. அந்தச் சுத்தியலும் இப்போ பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்கு!

சரி, நம்ம கேள்விக்கு வருவோம். உண்டியல்ல ஒண்ணு போட்டா தப்பு சரியாகிடுமா?

என் மனசுக்குப் பட்டதைச் சொல்றேன். என்னுடையதா இருந்தாத்தான் நான் கொடுக்கிறது காணிக்கை. என்னுடையதான்னே தெரியாததைக் கொடுத்தா, அது மறைக்கிற விஷயத்துல முருகனையும் கூட்டுச் சேர்க்கிறது. ஞானப்பழம் கைக்கு வரலைன்னு எல்லாத்தையும் விட்டுட்டு, கோவணத்தோட பழனியில நிக்கிறவனுக்கு நான் கமிஷன் கொடுக்கப் பார்த்தேன். ஒருவேளை அது உண்மையிலேயே வேண்டுதல் காசா இருந்தா, அதைச் செலுத்த வேண்டியவங்க வேற யாரோ. அவங்க பிரார்த்தனையை என் பேர்ல எழுதிக்க எனக்கு உரிமை இல்லை.

காலையில மாமாகிட்ட சொன்னோம். அவர் முகம் மாறிடுச்சு. "ஏம்பா, நிலத்தை எடுத்துக்குவாங்களா? வாழை தார் தள்ற நேரம்பா இது." அந்தப் பயத்துல நியாயம் இருக்கு. நேர்மைங்கிறது எங்களுக்கு ஒரு லெட்டர். அவருக்கு அது பிழைப்பு. அதனால அவர் சம்மதிக்கிற வரைக்கும் உட்கார்ந்து, சட்டத்தைத் தமிழ்ல படிச்சுக் காட்டினோம். மதியம் ஆயிடுச்சு. கடைசியில, "சரி, என் கையெழுத்தும் போடுறேன்"னு அவரே பேனாவை வாங்கினார்.

மூணு காசு, அந்த போட்டோ, கிடைச்ச இடத்துக்கு ஒரு வரைபடம், "தேய்ச்சது என் தவறு"ன்னு ஒரு வரி. எல்லாத்தையும் கலெக்டர் ஆபீஸ்ல கொடுத்துட்டு வந்தோம். இன்னும் பதில் வரலை. வரும்போது வரட்டும்.

அடியார்களுக்கு ஒரு வேண்டுகோள். மலைக்கோயில், இடிஞ்ச மண்டபம், கோட்டைன்னு டிடெக்டர் தூக்கிட்டுப் போகாதீங்க. பாதுகாக்கப்பட்ட இடத்துல தோண்டுறது குற்றம். தற்செயலா ஏதாவது கண்ணுல பட்டா தோண்டாதீங்க, கழுவாதீங்க, தேய்க்காதீங்க. இருந்த இடத்துலயே போட்டோ எடுத்துட்டு விஏஓ-கிட்டயோ கலெக்டர் ஆபீஸ்லயோ சொல்லுங்க.

அடுத்த நாள் கிளம்பும்போது திரும்பவும் அம்மன் சந்நிதிக்குப் போனேன். உண்டியல்ல என் சம்பளத்துல இருந்து ஒரு பத்து ரூபாய் போட்டேன். சின்னத் தொகைதான். ஆனா அது என்னுடையது.

வேலும் மயிலும் துணை. ஓம் சரவணபவ.