யாரை வைத்துச் சிரித்தோம்?

அறவியல் வகுப்பில் நான் நடத்திய பாடங்களில் மாணவர்கள் சட்டென்று ஏற்க மறுத்த பாடம் ஒன்று உண்டு. வீரம், கொடை, வாய்மை ஆகியவற்றோடு, பிறரை இதமாகச் சிரிக்க வைக்கும் திறனையும் அரிஸ்டாட்டில் நற்பண்புகளில் சேர்த்திருக்கிறார். "வீரம் சரி சார், ஜோக் அடிக்கிறது எப்படி நற்பண்பாகும்?" என்று யாராவது ஒரு பையன் கேட்டுவிடுவான். நியாயமான கேள்வி. இதற்கு நூலை விரித்துப் பதில் சொல்வதைவிட ஒரு மனிதரைக் காட்டுவது எளிது. நான் காட்டும் மனிதர் அமெரிக்க நகைச்சுவையாளர் ஃபிரெட் ஆலன்.

1950களில் அமெரிக்க வீடுகளில் ஞாயிறு இரவு பத்தரை மணிக்கு சி.பி.எஸ். தொலைக்காட்சியில் 'வாட்ஸ் மை லைன்?' என்ற விளையாட்டு நிகழ்ச்சி நேரலையாக வரும். ஆட்டம் எளிமையானது. ஊர்பேர் தெரியாத ஒருவர் மேடைக்கு வந்து பலகையில் தன் பெயரை எழுதுவார். அவர் என்ன தொழில் செய்கிறார் என்பது அரங்கத்துக்கும் நேயர்களுக்கும் காட்டப்படும். எதிரே வரிசையாக உட்கார்ந்திருக்கும் நால்வருக்கு மட்டும் தெரியாது. 'ஆம்', 'இல்லை' என்று மட்டுமே பதில் வரக்கூடிய கேள்விகளைக் கேட்டு அவர்கள் அந்தத் தொழிலைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொரு 'இல்லை'க்கும் நடத்துநர் ஜான் டேலி ஒரு அட்டையைப் புரட்டுவார். வந்தவருக்கு 5 டாலர். பத்து அட்டையும் புரண்டால் 50 டாலர், ஆட்டம் முடிந்தது. 1954 முதல் 1956 வரை அந்த நால்வரில் ஒருவராக இருந்தார் ஆலன். கண்ணுக்குக் கீழே பை பையாகத் தொங்கும் தசை, மூக்கால் பேசும் தட்டையான குரல், அவசரமே இல்லாத முகம். பக்கத்தில் ஆர்லீன் பிரான்சிஸ், டாரதி கில்காலன், பென்னட் செர்ஃப்.

இந்த ஆட்டத்தில் சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். உதாரணத்துக்கு, வந்தவர் சவப்பெட்டி செய்பவர் என்று வைத்துக்கொள்வோம். "இதை வாங்கியவர் யாராவது குறை சொல்லித் திரும்பி வந்ததுண்டா?" என்ற சாதாரணக் கேள்விக்கே அரங்கம் அதிர்ந்துவிடும். கேட்டவருக்குக் காரணம் தெரியாது. ஏதோ இருக்கிறது என்பது மட்டும் புரியும். அந்த நொடியில் அவருக்கு முன் இரண்டு வழிகள். எதிரே கூச்சத்தோடு உட்கார்ந்திருக்கும் அந்த எளிய மனிதரைப் பலியாக்கி இன்னொரு சிரிப்பை வாங்கலாம். அல்லது தானே அந்தக் குழப்பத்துக்குள் இறங்கி, வந்தவரையும் சேர்த்துக்கொண்டு சிரிக்கலாம். அந்தக் குழுவில் முன்பு இருந்த ஒரு நகைச்சுவையாளர் பெண் விருந்தினர்களிடம் எல்லை மீறி நடந்து, 1953இல் விலக்கப்பட்டார். ஆலன் எடுத்துக்கொண்டது இரண்டாவது வழி. எழுதி வைத்துப் படிக்க நேரமில்லாத நேரலையில், ஒரு நொடிக்குள், பெரும்பாலும் தவறாமல் அந்த வழியைத் தேர்ந்தார். பழைய படச்சுருள் பதிவுகளைப் பார்க்கும்போது என்னை ஈர்ப்பது அவருடைய சொல்லின் வேகத்தைவிட, அந்த வேகத்திலும் தவறாத இந்தத் தேர்வுதான்.

நான் தூத்துக்குடிக் கத்தோலிக்கன். எங்கள் வீட்டில் தவக்காலம் வந்துவிட்டால் நாற்பது நாளும் பாட்டிக்குச் சிரிப்புச் சத்தமே ஆகாது. "ஆண்டவர் சிலுவையில தொங்குறாரு, உனக்கு என்னலே சிரிப்பு?" என்பாள். படிப்பறிவில்லாத கிழவியின் கண்டிப்பு என்று அதை ஒதுக்க முடியாது. அவளுக்குப் பின்னால் பெரிய மரபே நிற்கிறது. எபேசியருக்கு எழுதிய மடலில் பவுல் பகடிப் பேச்சைக் கண்டிக்கிறார். இயேசு அழுததாக நற்செய்தியில் இருக்கிறது, சிரித்ததாக எங்கும் இல்லை என்று நான்காம் நூற்றாண்டிலேயே புனித யோவான் கிறிசோஸ்தோம் பிரசங்கம் செய்தார். அவர்களுடைய அச்சம் பொய்யில்லை. நான் மாணவனாக இருந்தபோது எங்களுக்குப் பாடம் எடுத்த ஒருவர் நாவன்மையில் நிகரற்றவர். திக்கிப் பேசும் ஒரு பையன் எழுந்தால் போதும், அவன் முதல் வாக்கியத்தை முடிக்கும் முன்பே வகுப்பு முழுவதையும் சிரிக்க வைத்துவிடுவார். நாங்களும் சிரித்தோம். அந்தப் பையன் அதன் பிறகு கல்லூரி முடியும்வரை வகுப்பில் வாயைத் திறக்கவே இல்லை. அறிவுக்கூர்மை அங்கே குறைவில்லாமல் இருந்தது. அறம் இல்லை.

இந்த இரண்டையும் பிரித்துக் காட்டியதுதான் அரிஸ்டாட்டிலின் பெருமை. நிக்கோமாக்கிய அறவியலின் நான்காம் நூலில் அவர் மூன்று பேரை நிறுத்துகிறார். ஒருவன் எதைப் பலி கொடுத்தாவது சிரிப்பை வாங்கத் துடிக்கும் கோமாளி. தன்னையும் விடமாட்டான், பிறரையும் விடமாட்டான். இன்னொருவன் தானும் சிரிக்காமல், சிரிப்பவனையும் சகிக்காத முரடன். நடுவில் நிற்பவன்தான் நயமறிந்து நகைப்பவன். 13ஆம் நூற்றாண்டில் புனித தாமஸ் அக்குவினாஸ் இதை எடுத்துத் திருச்சபைக்குள் கொண்டுவந்தார். அதற்கு அவர் ஒரு கதை சொல்கிறார்: யோவான் நற்செய்தியாளர் தம் சீடர்களோடு விளையாடிக்கொண்டிருந்ததைக் கண்டு சிலர் முகம் சுளித்தார்களாம். அவர்களில் வில் வைத்திருந்த ஒருவரை அழைத்து அம்பு எய்யச் சொன்னார் யோவான். பல அம்புகள் எய்த பிறகு, "இப்படியே ஓயாமல் எய்துகொண்டிருக்க முடியுமா?" என்று கேட்டார். "முடியாது, வில் முறிந்துவிடும்" என்றார் அவர். மனமும் அப்படித்தான் என்றார் யோவான். இந்தப் பழைய கதையைச் சொல்லும் அக்குவினாஸ் அதோடு நிற்கவில்லை. தானும் மகிழாமல் பிறர் மகிழ்ச்சிக்கும் சுமையாக இருப்பவன் குற்றமுள்ளவன் என்று தெளிவாகவே எழுதினார். பாட்டியிடம் இதைச் சொல்லியிருந்தால் ஏற்றிருப்பாளோ என்னவோ, சொல்லியிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

வள்ளுவரோ ஒரே அதிகாரத்தில் கணக்கை முடித்துவிடுகிறார். பண்புடைமை அதிகாரத்தில், பிறரோடு கலந்து மகிழத் தெரியாதவர்களுக்கு இந்தப் பெரிய உலகம் பகலிலும் இருட்டுத்தான் என்கிறார். அதே அதிகாரத்தில், விளையாட்டுக்குக்கூட ஒருவரை இகழ்வது துன்பம் தரும் என்றும் சொல்கிறார். சிரிக்கத் தெரிவதும் பண்பு. சிரிப்பில் இகழாமலிருப்பதும் பண்பு. இரண்டும் ஒருவரிடமே சேர்ந்திருக்க வேண்டும்.

அப்படியானால் ஆலன் யாரையும் குத்தவே மாட்டாரா? குத்துவார், நன்றாகவே குத்துவார். ஆனால் யாரை என்பதுதான் கேள்வி. தொலைக்காட்சிக்கு முன்பு சுமார் 17 ஆண்டுகள் வானொலியில் கோலோச்சியவர் அவர். அவருடைய நிகழ்ச்சி நேரத்தைத் தாண்டினால் என்.பி.சி. நிறுவனம் பாதியிலேயே வெட்டிவிடும். 1947 ஏப்ரல் 20 அன்று அவர் அதற்கு ஒரு விளக்கம் சொன்னார்: இப்படி வெட்டுவதற்கென்றே ஒரு துணைத்தலைவர் இருக்கிறார், வெட்டிய நொடிகளையெல்லாம் அவர் சேமித்து வைக்கிறார், இரண்டு வாரம் சேர்ந்ததும் அந்த நேரத்தை எடுத்துக்கொண்டு விடுமுறையில் போய்விடுகிறார். இதைச் சொல்லக்கூடாது என்று நிறுவனம் தடுத்தது, அவர் கேட்கவில்லை, அந்த இடத்தில் சுமார் 35 நொடிக்கு ஒலியையே அணைத்துவிட்டார்கள். இந்தச் செய்தியைக் கேலி செய்த நகைச்சுவையாளர்கள் பாப் ஹோப், ரெட் ஸ்கெல்டன் ஆகியோரின் ஒலியையும் அணைத்தார்கள். நாடே நிறுவனத்தைப் பார்த்துச் சிரித்த பிறகுதான் விட்டார்கள். சம்பளம் கொடுக்கும் இடத்தையே பார்த்துச் சிரிக்கத் துணிச்சல் வேண்டும். அங்கே வீரமும் நகையும் ஒன்றுதான்.

நண்பர்களையும் அவர் விட்டதில்லை. 1936 கடைசியில், அவருடைய நிகழ்ச்சியில் ஒரு பத்து வயதுச் சிறுவன் அருமையாக வயலின் வாசித்தான். இதைக் கேட்டு ஜாக் பென்னி வெட்கப்பட வேண்டும் என்று ஆலன் அந்தக் கணத்தில் ஒரு வார்த்தை விட்டார். தம் சொந்த நிகழ்ச்சியில் வயலினைக் கொலை செய்வதையே வேடிக்கையாக வைத்திருந்தவர் பென்னி. அவர் பதிலுக்குப் பேச, இருவருக்கும் நடந்த பொய்ச்சண்டை ஆண்டுக்கணக்கில் ஓடியது. 1949 ஜூனில் ஆலனின் வானொலி நிகழ்ச்சி கடைசி முறையாக ஒலித்தபோது விருந்தினராக வந்து நின்றவர் அதே பென்னிதான். அடி வாங்கியவரே அடித்தவரை வழியனுப்ப வந்தார். அந்த அடியில் பகை இல்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

அந்த வானொலி நிகழ்ச்சியை வீழ்த்தியதே ஒரு விளையாட்டு நிகழ்ச்சிதான். 1948இல் ஏ.பி.சி. வானொலி 'ஸ்டாப் தி மியூசிக்' என்ற போட்டியைத் தொடங்கியது. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே யாரோ ஒரு நேயருக்குத் தொலைபேசி அழைப்பு போகும். பாட்டைச் சரியாகச் சொன்னால் பரிசு. தன் வீட்டு மணி அடிக்காதா என்ற ஆசையில் ஊரே அந்தப் பக்கம் திரும்பியது. தன்னுடைய நிகழ்ச்சியைக் கேட்டுக்கொண்டிருந்ததால் யாருக்காவது பரிசு தவறிப்போனால் 5,000 டாலர் வரை ஈடு தருவதாக ஆலன் அறிவித்துப் பார்த்தார். பலிக்கவில்லை. எழுத்தும் உழைப்புமாக வாரா வாரம் கட்டிய நிகழ்ச்சி ஓராண்டில் சரிந்தது. கசந்துபோக எல்லாக் காரணமும் அவருக்கு இருந்தது. வானொலி நகைச்சுவை காற்றில் கரைந்துபோவதைப் பற்றி 1954இல் ஒரு நூலே எழுதினார். ஆனால் அதே ஆண்டில்தான் இன்னொரு விளையாட்டு நிகழ்ச்சியின் நாற்காலியில் வந்து உட்கார்ந்து, வந்தவர்களையெல்லாம் சிரிக்க வைத்தார். தோற்றதற்கான பழியை எளியவர் மீது இறக்காமலிருப்பது எவ்வளவு கடினம் என்பது தோற்றவர்களுக்குத் தெரியும்.

இந்தப் பக்குவம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்திருக்கிறேன். இயற்பெயர் ஜான் ஃபுளோரன்ஸ் சல்லிவன். 1894இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜில் ஐரிஷ் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். மழலை மாறும் முன்பே தாயை இழந்தார்; தந்தை புத்தகம் தைப்பவர், குடிக்கு அடிமை. வளர்த்தவள் தாயின் சகோதரி ஒருத்தி. பாஸ்டன் பொது நூலகத்தில் அடுக்குகளிலிருந்து புத்தகம் எடுத்துக் கொடுக்கும் சிறுவனாக வேலை பார்த்தார். அங்கேதான் நகைச்சுவையைப் பற்றிப் படித்தார், பந்து எறிந்து பிடிக்கப் பழகினார். உலகிலேயே மோசமான பந்து வித்தைக்காரன் என்று தன்னைத் தானே விளம்பரம் செய்துகொண்டு மேடையேறினார். பெயர் வந்த பிறகும் நியூயார்க் தெருக்களில் நடந்தே போவார். கேட்டு வருபவர்களுக்குக் கொடுக்கச் சட்டைப்பையில் பணத்தைத் தயாராக வைத்திருப்பார். வாழ்ந்து கெட்ட பழைய மேடைக் கலைஞர்கள் அவர் வரும் வழியில் காத்திருப்பார்கள்.

அவரிடம் ஐந்தாண்டுகள் எழுத்தாளராக இருந்தவர், பின்னாளில் புலிட்சர் பரிசு பெற்ற நாவலாசிரியர் ஹெர்மன் வோக். யூத சமய நெறியை விடாது கடைப்பிடித்தவர். ஆலன் இறந்தபோது நியூயார்க் டைம்ஸ் நாளிதழுக்கு எழுதிய கடிதத்தில், அவருடைய சொல் சாட்டையாக அடிக்கும், தேளாகக் கொட்டும் என்பதை வோக் மறைக்கவில்லை. இல்லாதவர்களிடம் அவர் காட்டிய தாராளம்தான் அந்தக் கேலிக்கே மதிப்புத் தந்தது என்ற கருத்தையும் அதில் எழுதினார். என் மாணவர்கள் கேட்ட கேள்விக்கு இதைவிடச் சிறந்த பதில் எனக்குத் தெரியாது. நாக்கின் கூர்மை பிறவியில் வரலாம். அந்தக் கூர்மை யாரைத் தொடும், யாரைத் தொடாது என்பதை முடிவு செய்வது கொடுத்துப் பழகிய கை. சட்டைப்பையில் பணத்தை எடுத்து வைத்துக்கொண்டு வீட்டைவிட்டு இறங்கும் ஒருவர், எதிரே வரும் முகங்களைப் பார்க்கும் விதமே வேறாகத்தான் இருக்கும். நொடிக்குள் சரியான சொல் வருவதற்குப் பின்னால் அப்படிப் பார்த்த பல ஆண்டுகள் இருக்கின்றன.

1956 மார்ச் 17, சனிக்கிழமை இரவு, நியூயார்க்கின் மேற்கு 57ஆவது தெருவில் நடந்துகொண்டிருந்தபோது ஆலன் மயங்கி விழுந்து இறந்தார். வயது 61. மறுநாள் ஞாயிறு, நிகழ்ச்சி நாள். முழுவதையும் அஞ்சலியாக்கிவிடலாம் என்று முதலில் நினைத்தார்கள். பிறகு, அவர் மனைவி போர்ட்லாண்ட் ஹோஃபாவின் இசைவோடு, அவரும் இதைத்தான் விரும்பியிருப்பார் என்று வழக்கமான ஆட்டத்தையே நடத்தினார்கள். அவருடைய இடத்தில் ஸ்டீவ் ஆலன் என்ற இன்னொரு நகைச்சுவையாளர் அமர்ந்தார். ஃபிரெட் ஆலனைப் பற்றிப் பேச ஒதுக்கப்பட்டது கடைசி ஒன்றரை நிமிடம் மட்டுமே. அன்றும் யார் யாரோ வந்தார்கள், பலகையில் பெயர் எழுதினார்கள், அரங்கம் சிரித்தது. அது மரியாதைக் குறைவு என்று நான் நினைக்கவில்லை. ஜெபமாலை சொல்லி முடித்ததும் இழவு வீட்டுத் திண்ணையில் செத்தவரின் குறும்பைச் சொல்லிச் சிரிக்கிறோமே, அதற்குள் இருக்கும் அன்புதான் அதற்குள்ளும் இருந்தது.

ஆகவே என் தீர்ப்பு இது: சிரிக்க வைப்பது அறம்தான், வலியவரை நோக்கி எழும்போது அது வீரம், எளியவரோடு சேர்ந்து எழும்போது அது கொடை. இரவில் ஆன்ம சோதனை செய்யும்போது, பொய் சொன்னேனா, பிறர் பொருளுக்கு ஆசைப்பட்டேனா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்கிறோம். இன்று யாரைச் சிரிக்க வைத்தேன், யாரை வைத்துச் சிரித்தேன் என்ற இரண்டு கேள்விகளையும் அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.