எசமான் ஏட்டில் பாட்டியைத் தேடுவது

அமெரிக்காவில் 1850இலும் 1860இலும் மக்கள்தொகைக் கணக்கு எடுத்தபோது அடிமைகளுக்கென்று தனி ஏடு போட்டார்கள். அதில் பெயர் இருக்கிறது, எசமானின் பெயர். அதற்குக் கீழே வரிசையாக வயசு, ஆணா பெண்ணா, கறுப்பா கலப்பா. 'பெண், 34, கறுப்பு' என்கிற மாதிரி. அவ்வளவுதான். 1860 கணக்கில் மட்டும் 39 லட்சத்துக்கு மேற்பட்ட மனிதர்கள் அடிமைகளாகப் பதிவானார்கள். ஓடிப்போனவர் எத்தனை, கண் தெரியாதவர் எத்தனை, காது கேளாதவர் எத்தனை என்பதற்கெல்லாம் கட்டம் இருந்தது. அடிமையின் பேருக்குத்தான் கட்டம் இல்லை.

இன்றைக்குத் தன் முன்னோரைத் தேடிப் போகிற கறுப்பினப் பெண் ஒருத்தி 1870 கணக்குவரை வந்துவிடலாம். விடுதலைக்குப் பிறகு எல்லாக் கறுப்பு மக்களையும் பேரோடு எழுதிய முதல் கணக்கு அது. அதற்கு முந்திப் போகணும்னா பெரும்பாலும் எசமான் யாருன்னு கண்டுபிடித்தாகணும். அவன் உயில், அவன் கடன் பத்திரம், அவன் செத்தபிறகு மாடு, கட்டில், கலப்பையோடு சேர்த்துப் போட்ட சொத்துப் பட்டியல். அங்கே பாட்டியின் பேர் இருக்கக்கூடும். பக்கத்திலேயே விலையும் இருக்கும். அரசாங்கம் எழுதாத பேரை வாரிசுகள் எழுதினார்கள். பாகம் பிரிக்க அடையாளம் வேண்டுமே, அதற்காக.

இப்படிக் கிடைத்த பேரைக் கையில் வாங்கலாமா? அவன் காகிதமே வேண்டாம், எங்க வீட்டுக் கிழவி சொன்ன கதை போதும் என்பது ஒரு பக்கம். அதில் நியாயம் உண்டு. ஆனால் கதைக்கும் கண்டிப்பு வேண்டும். தமிழில் 'ஏழு தலைமுறைகள்' என்று வந்த அலெக்ஸ் ஹேலியின் நூலை நாமெல்லாம் நெஞ்சோடு அணைத்துக்கொண்டோம். அதிலுள்ள வம்சாவளி பழைய பதிவேடுகளோடு பொருந்தவில்லை என்று 1981இல் இரண்டு ஆய்வாளர்கள் காட்டினார்கள். நூலின் உண்மை அதனால் அழிந்துவிடாது. ஆனால் கற்பனையை ஆதாரம் என்று நீட்டினால் எதிரிக்குத்தான் வசதி.

என்னைக் கேட்டால், எசமானின் ஏட்டை எதிர்க்கட்சிக்காரன் கைப்பட எழுதிக் கொடுத்த வாக்குமூலமாக வாசிக்க வேண்டும். பாட்டி யார் என்பதை அது கொஞ்சம்தான் சொல்லும். அவன் என்ன செய்தான் என்பதை முழுசா சொல்லிவிடும்.

இதில் மேற்கு எல்லைப்புறத்துக்குப் போனவர்களின் கதை இன்னும் சிக்கலானது. 1877இல் கென்டக்கியிலிருந்து விடுதலையான கறுப்புக் குடும்பங்கள் கான்சாஸுக்குப் போய் நிகோடெமஸ் என்ற ஊரை உண்டாக்கின. மரம் இல்லாத புல்வெளி. தரையைத் தோண்டி அதற்குள் குடியிருந்தார்கள். 1862ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டப்படி 160 ஏக்கருக்கு மனுப் போட்டு, ஐந்து வருஷம் அங்கேயே இருந்து பாடுபட்டதை நிரூபித்தால் நிலம் சொந்தம். அந்தக் கோப்புகள் இன்றும் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. என்ன வீடு கட்டினான், எத்தனை ஏக்கர் உழுதான், குடும்பத்தில் எத்தனை பேர், எல்லாம் உண்டு. இரண்டு சாட்சிகளும் உண்டு. பக்கத்துக் காட்டுக்காரன் இன்னொரு கறுப்பனாக இருந்தால் அவனே சாட்சி. நேற்றுவரை மாட்டோடு பட்டியலில் இருந்தவன், இன்றைக்குத் தன் உழைப்பைத் தானே சொல்லி எழுத வைக்கிறான். இந்தக் காகிதத்தைத் தொடுகிற பேத்தி அழுதால் அழட்டும்.

ஆனால் அந்த 160 ஏக்கர் யாருடையது? பூர்வகுடிகளை விரட்டிவிட்டு அரசாங்கம் பங்கு போட்ட மண் அது. நிகோடெமஸ்காரர்கள் முதல் குளிர்காலத்தில் பசியில் கிடந்தபோது, வேட்டை முடித்துத் திரும்பிய ஓசேஜ் மக்கள் உணவு கொடுத்தார்கள் என்று சொல்லப்படுகிறது. சில ஆண்டுகளுக்கு முன்தான் கான்சாஸிலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் அவர்கள். பட்டாக் கோப்பில் இந்தச் சோற்றுக்குக் கட்டம் கிடையாது.

காகிதத்தை வாக்குமூலமாக அல்லாமல் வாசற்கதவாக ஆக்கினால் என்ன ஆகும் என்பதற்கு செரோக்கி தேசமே சாட்சி. செரோக்கிகளிலும் அடிமை வைத்திருந்தவர்கள் உண்டு. 1866 ஒப்பந்தம் விடுதலையானவர்களுக்கும் அவர்கள் சந்ததிக்கும் முழு உரிமை தந்தது. 1898இலிருந்து டாஸ் ஆணையம் பதிவேடு எழுதியபோது 'இரத்த வழி' ஒரு பட்டியல், 'விடுதலையானவர்' வேறு பட்டியல். முதலாவதில் எத்தனை பங்கு இரத்தம் என்று எழுதினார்கள். இரண்டாவதில் யாருடைய அடிமை என்று எழுதினார்கள். விடுதலைக்கு முப்பது வருஷம் கழித்து! தாய் செரோக்கியா என்று பார்க்காமல் முகத்தைப் பார்த்தே இரண்டாவது பட்டியலில் தள்ளப்பட்டவர்களும் உண்டு. அந்தப் பட்டியலைக் காட்டித்தான் 2007இல் வாக்கெடுப்பு நடத்தி அவர்கள் சந்ததியை வெளியே தள்ளினார்கள். நிலத்தை இழந்த மக்களே, தங்கள் நிலத்தைக் கூறுபோட வந்தவன் எழுதிய ஏட்டை வேதமாக்கினார்கள். 2017இல் கூட்டாட்சி நீதிமன்றம் 1866 ஒப்பந்தம் செல்லும் என்றது. 2021இல் செரோக்கி உச்சநீதிமன்றம் 'இரத்த வழி' என்ற சொல்லையே அவர்கள் அரசியல் சட்டத்திலிருந்து நீக்கியது.

நமக்கும் இதே வயசில் ஓர் ஏடு உண்டு. பேரில்லாத அந்த அடிமைக் கணக்கு எடுத்த அதே 1860இல், நவம்பர் 16ஆம் தேதி, சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய 'ட்ரூரோ' கப்பல் நேட்டாலில் டர்பன் துறைமுகத்தில் நின்றது. 1911வரை அப்படி ஒன்றரை லட்சம் பேர் போனார்கள். வெள்ளைக்காரன் பேர் எழுதினான், தகப்பன் பேர் எழுதினான், ஊர் எழுதினான், ஒரு நம்பரும் கொடுத்தான். சாதிக்கும் ஒரு கட்டம் போட்டான். இன்று டர்பனில் பாட்டனைத் தேடுகிற பேரன் அந்த நம்பரைப் பிடித்துத்தான் ஊருக்கு வருகிறான்.

கப்பல் ஏறுமுன் வேறு சாதி சொல்லிப் பதிந்தவர்களும் உண்டு என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். ஊரில் செருப்புப் போட முடியாதவன், தன்னை யாருக்கும் தெரியாத சென்னை டிப்போவில், எழுத்தன் கேட்ட ஒரு நொடியில், வாய்க்கு வந்த வேறொன்றைச் சொல்லியிருக்கிறான். பேரன் கையிலிருக்கும் நகலில் அந்தக் கட்டத்தில் இருப்பது பொய்யா, அவன் பாட்டன் தன்னைப் பற்றித் தானே எழுதவைத்த முதல் வரியா?