ஆமாவும் பால்கார அக்காவும்

டிசம்பரில் முதுகலை மாணவிகள் பதினொரு பேரோடு ஏற்காட்டில் கூடாரம் போட்டு இரண்டு நாள் தங்கினேன். மறுநாள் விடியலில் கழிப்பறைக்குப் போன ஒருத்தி ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். காப்பித் தோட்டத்து ஓரத்தில், சில்வர் ஓக் மரங்களுக்கிடையே மூன்று காட்டுமாடுகள், ஒரு கன்று. வெள்ளைக் காலுறை மாட்டியது போன்ற கால்கள். பெரியது தலை தூக்கி எங்களைப் பார்த்தது. அதன் மூச்சு பனியில் புகைந்தது. இருபது வருடமாகச் சங்கப் பாடல்களில் நான் உரை சொல்லிவந்த 'ஆமா' உடம்போடு முன்னால் நின்றது. (காட்டெருமை என்று செய்தித்தாள்கள் எழுதுகின்றன, இது எருமை அல்ல.) எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பால் கொண்டுவந்த அக்காவிடம் சொன்னேன். தோட்டத்தில் பழம் பறிப்பவர் அவர்.

"உங்களுக்கென்னங்க டீச்சர், பாத்துப்போட்டுக் கீழ எறங்கிருவீங்க. நான் நாளைக்கும் இந்த வழியாத்தான் போவோணும்."

ஒற்றைக் கடா ஆயிரம் கிலோ வரை இருக்கும். செடிக்குள் குனிந்து பறிப்பவருக்கு அது அருகில் வரும்வரை தெரியாது. 1972ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் காக்கிறது, காக்கத்தான் வேண்டும். 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் இங்கே காப்பியைக் கொண்டுவந்தார், காடு தோட்டமானது. அந்த முடிவில் மாட்டுக்கும் பங்கில்லை, இந்த அக்காவின் பாட்டிகளுக்கும் பங்கில்லை. பயம் மட்டும் இவர்களிடம் வந்து சேர்ந்திருக்கிறது, வியப்பு என்னிடம்.

அதைவிட உறுத்தியது வேறொன்று. குறிஞ்சிப் பாடல்களில் பெண்கள் பரண்மேல் இருந்து தினைப்புனம் காக்கிறார்கள். தழல், தட்டை, குளிர் என்று விரட்டும் கருவிகளுக்குப் பெயர்கூட உண்டு. அதைக் களவுக் காதலின் பின்னணி என்றே நடத்தியிருக்கிறேன். விலங்குக்கும் விளைச்சலுக்கும் நடுவே ஒரு பெண்ணை நிறுத்திவைத்த வேலை அது என்று ஒரு வகுப்பிலும் சொன்னதில்லை. கிளி மட்டுமா வந்திருக்கும்? பன்றியும் யானையும் வந்த புனம்.

"இதுகளை வேற காட்டுக்குப் பிடிச்சிட்டுப் போனா நல்லதாக்கா?" ஒரு மாணவி கேட்டாள்.

"கன்னு வெச்சிருக்குதே கண்ணு, எங்க போவும்? வழியில ரெண்டு லைட்டு போட்டாப் போதும். கேட்டு மூணு வருசமாச்சு."

பாத்திரத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினார், மாடுகள் போன அதே பக்கமாக. மாணவிகளில் இருவர் எழுந்து அவரோடு தோட்டத்து வாசல்வரை நடந்தார்கள்.